மூன்றாம் குழிக்கு முன்னால் நிற்கும் உடைமரம் விஷயமாக அத்தானுக்கு

சங்கரன்கோவில்,
20-8-1981, வியாழன்.

என்றும் என் மதிப்புக்குரிய அத்தான் அவர்கள் சமூகத்திற்கு, தங்கள் தங்கையின் கணவன் குருநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

கோமதியம்மன் கிருபையால் இங்கே யாவரும் சௌக்கியம். என்னுடைய வலது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை; ஆனால் ஒரு முழங்காலை முன்னிட்டு ஒரு குடும்பத்தின் சௌக்கியத்தையே குறைத்துச் சொல்வது முறையாகாது என்று விட்டுவிட்டேன். மதுரையில் தாங்களும் அக்காவும் பேரக்குழந்தைகளும் நலமாயிருப்பீர்கள் என்றும், கண் ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வடிவது இப்போது நின்றிருக்கும் என்றும் நம்புகிறோம். ஆடித்தபசுக்குத் தாங்கள் வருவீர்கள் என்று தங்கள் தங்கை கோமதியம்மாள் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருந்தாள். தாங்கள் வரவில்லை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள்தான் சொல்லுகிறாள், தினமும் சாப்பாட்டு வேளையில் சொல்லுகிறாள்.

நிற்க. வருகிற செப்டம்பர் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நம் கோல்ஃப் கிளப்பின் பொதுக்குழு கூடுகிறது. தாங்கள் ஆயுள் உறுப்பினர். ஆனால் நேரில் வந்து கை தூக்கினால்தான் ஓட்டு செல்லும், தபாலில் கை தூக்க முடியாது. அந்த விதியை எழுதினது தாங்களும் நானும்தான், ஆகையால் அதைக் குறை சொல்லவும் வழியில்லை. செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் முந்தின நாள் சாயங்காலமே வந்து சேர்ந்துவிடலாம். என்ன விவகாரம் என்பதை நான் எந்தப் பக்கமும் சாயாமல் நடந்தது நடந்தபடி கீழே எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டு, தங்கள் மனசுக்கு எது நியாயமென்று படுகிறதோ அதன்படி, மரத்தை வெட்டக்கூடாது என்று கை தூக்கினால் போதும்.

வயசாகிவிட்டதால் தங்களுக்குச் சில விஷயங்கள் மறந்திருக்கலாம் (எனக்கு மறக்கவில்லை, நான் தங்களுக்கு இரண்டு வயது இளையவன்), ஆதலால் ஞாபகப்படுத்துகிறேன். மில்லுக்குப் பின்னால் குருவிகுளம் ரோட்டை ஒட்டிக் கிடக்கிற தரிசில், அன்றைக்கு மில்லில் இருந்த வெள்ளைக்கார இஞ்சினியர் துரை தன் பொழுதுபோக்குக்காக ஆறு குழி வெட்டி ஆறு கொடி நட்டு, கூட ஆட ஆள் கிடைக்காமல், ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்த என்னையும் பஞ்சு கொள்முதலில் இருந்த தங்களையும் கூட்டிக்கொண்டு போய்க் கையில் மட்டையைக் கொடுத்தார். அப்புறம் துரை சீமைக்குப் போய்விட்டார், விளையாட்டு நம்மிடம் தங்கிவிட்டது. அங்கே ஒரு புல் கிடையாது. குழியைச் சுற்றி, மில்லில் கழித்துப்போட்ட எண்ணெயை மணலில் குழைத்து வட்டமாகப் பரப்பின தரை, அவ்வளவுதான். மூன்றாம் குழிக்குப் போகிற வழியில் இடது கைப்பக்கம் சுடலைமாடன் பீடம். பீடத்தில் பந்து பட்டுவிட்டால் மாடனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்பது கிளப்பில் எழுதாத விதி. அதனால் உறுப்பினர்கள் எல்லாரும் ஒரு பையில் பந்தும் மறு பையில் புளியங்குடி எலுமிச்சையுமாகத்தான் ஆட வருவோம். வலது கைப்பக்கம் ஓடை. இரண்டுக்கும் நடுவே, விரித்த குடை மாதிரி ஒரு உடைமரம். மூன்றாம் குழிக்கு அடிக்கிறவன் அந்த மரத்தின் தலைக்கு மேலே பந்தை அனுப்ப வேண்டும். அனுப்ப முடியாதவன் மரத்திலே அடித்து, முள்ளுக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்து, மரத்தைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த மரத்தைத்தான் வெட்ட வேண்டும் என்று தங்கள் மருமகன் சொல்லுகிறான்.

பொன்னுச்சாமியை நான் என் மகன் என்று சொல்லாமல் தங்கள் மருமகன் என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, போகப் போகத் தெரியும். அவன் மில்லில் அசிஸ்டெண்ட் இஞ்சினியர் ஆனதில் இருந்து ஒழுங்காகத்தான் இருந்தான். புது மிஷின் பழகுவதற்கென்று அவனை மில்லில் பெங்களூருக்கு அனுப்பினார்கள் பாருங்கள், அங்கேதான் கெட்டது. எவனோ ஒரு சேக்காளி ஞாயிற்றுக்கிழமை ஒரு கோல்ஃப் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கன தரை பூராவும் புல்லாம். அதுவும் பச்சைப் புல்லாம். நடந்தா கால் அமுங்குமாம். வந்து இறங்கினதும் பெட்டியை வைக்காம இதைத்தான் சொல்லுதான். "நம்ம ஊர்லயும் அமுங்கும்லே, மழை பெய்ஞ்ச மறுநாள் கரிசக்காட்டுல நடந்து பாரு, முழங்கால் மட்டும் அமுங்கும்"னு சொன்னேன். அதுக்குச் சிரிச்சிருக்கலாம்லா, சிரிக்கலை. "அப்பா, நீங்க விளையாடுதது கோல்ஃபே இல்ல"ன்னுட்டான். அன்னையில இருந்து நானும் அவனும் நேருக்கு நேர் பேசுதது இல்ல. ஒரே வீடு, ஒரே பந்தி, நடுவுல உங்க தங்கச்சி. "ஏட்டி, உன் மகன்கிட்ட சொல்லு, இருவத்தஞ்சு வருசமா அதுக்குப் பேரு கோல்ஃபுதான்"னு நான் சொல்லுவேன். "அம்மா, அப்பாகிட்ட சொல்லு, பேரு வச்சாப்ல ஆயிராது"ன்னு அவன் சொல்லுவான். உங்க தங்கச்சி ரெண்டு பேருக்கும் ரசத்தை ஊத்திக்கிட்டே, "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், சோத்தைத் தின்னுங்க"ன்னு சொல்லுதா. இப்படித்தான் வீடு நடக்கு.

பொதுக்குழுவுக்கு முன்னால ஒரு குழியில சோதனை செஞ்சு காட்டுதேன்னு அவன் கமிட்டியில கேட்டான். கமிட்டியில நானும் இருக்கேன், ஆனாலும் பெத்த பிள்ளையாச்சேன்னு எதுத்துப் பேசலை, எதுத்து ஓட்டு மட்டும் போட்டேன். என்னைத் தவிர எல்லாரும் சரின்னுட்டாவ. ஒண்ணாம் குழியில எண்ணெய்த் தரையைச் சுரண்டி எடுத்துட்டு, மலையடிவாரத்துல இருந்து மண்ணும் புல்லும் வண்டியில கொண்டாந்து பதிச்சு, மில்லுக் கிணத்துல மோட்டாரைப் போட்டுத் தண்ணி பாய்ச்சினான். அது மாசம் ஆனி. வாசுதேவநல்லூர்ப் பக்கமாவது குளத்துப் பாசனம், ஒரு பச்சை கண்ணுல தட்டுப்படும். நம்ம பக்கம் குருவிகுளம் வரைக்கும் பாத்தீங்கன்னா காஞ்ச பருத்திமாரும் வெடிச்ச தரையும்தான். அந்தக் காட்டுக்குள்ள ஒரே ஒரு வட்டம் மட்டும் கிளி மாதிரிப் பச்சையா நிக்கி. மனுசனுக்கே வாயூறும், ஆடு சும்மா இருக்குமா. திறப்பு விழாவுக்குன்னு நாங்க எல்லாரும் காலையில வேட்டி மாத்திக்கிட்டுப் போய் நிக்கோம், அங்கன பேச்சி தன் ஆட்டுக் கூட்டத்தோட எங்களுக்கு முந்தியே வந்து திறந்து வச்சிட்டா. கொடிக்கம்பு மட்டும் மிச்சம். பொன்னுச்சாமி மூச்சு வாங்க ஓடிப் போயி, "ஏ தாயி, இது விளையாடுததுக்கு உள்ள புல்லு"ங்கான். அவ ஒரு குட்டியைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, "இதுகளும் விளையாடிக்கிட்டேதான்யா மேயுது, நீரு நல்லா இருக்கணும், பஞ்சாயத்துக்காரன் கூட இப்படி ஒண்ணு செஞ்சதில்ல"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறா. திரும்பி நின்னு ஓடையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கிட்டு, அதை அவன் பாத்துட்டான்.

அதோட விட்டானான்னா இல்ல. புல்லு தழைக்கட்டும்னு குழியைச் சுத்தி முள்வேலி போட்டான். இப்போ ஒண்ணாம் குழிக்குள்ள ஆடும் போக முடியாது, பந்தும் போக முடியாது. அடுத்தாப்ல நாலாம் குழிக்கு முன்னால ஒரு குட்டை வெட்டினான். எதுக்குலேன்னு அவன் அம்மா மூலமா கேட்டேன். எல்லா நல்ல மைதானத்துலயும் ஒரு குட்டை இருக்குமாம், அதுல பந்து விழுகதுக்கு வாய்ப்பு இருக்கணுமாம், அப்பத்தான் அடிக்கவனுக்கு ஒரு பயம் இருக்குமாம். நம்ம தெருவுல குடிதண்ணிக்குக் குடத்தை வரிசை போட்டு வச்சுட்டு மனுசன் பைப்பு வருமா வராதான்னு பயந்துகிட்டு இருக்கான், இவன் பந்துக்குப் பயங்காட்ட தண்ணி தேக்குதான். எங்கிருந்தோ வந்த ஒரு மழைக்கு அது நிறைஞ்சுட்டு. நிறைஞ்ச மறுநாளே பக்கத்துக் காலனிப் பொம்பளைக துணி மூட்டையோட வந்து இறங்கிட்டாவ, அவுகளுக்குப் பொறவு எருமை. எருமை இறங்கின தண்ணியில இருந்து அதைக் கிளப்புததுக்கு இன்ஜினியரிங்கில ஒண்ணும் சொல்லிக்குடுக்கல போலிருக்கு. போன வாரம் நம்ம அப்துல் ஜப்பார் (அதான், கடையநல்லூர்ல கைலி யாவாரம், நம்மகூட ஆரம்பத்துல இருந்து ஆடுதவரு) அடிச்ச பந்து குட்டையில படுத்துக்கிடந்த எருமை முதுகுல போயி உக்காந்துட்டு. விழலை. அப்படியே உக்காந்திருக்கு. பந்து தண்ணியில விழுந்ததாவும் சொல்ல முடியாது, தரையில கிடக்கதாவும் சொல்ல முடியாது. கமிட்டி கூடி யோசிச்சு, எருமை தானா எந்திரிக்க வரைக்கும் காத்திருக்கணும்னு முடிவாச்சு. பொழுது அடையுத மட்டும் நின்னோம். எருமைக்கு ஒரு அவசரமும் இல்ல. ஜப்பார் கடைசி பஸ்ஸு போயிரும்னு தோத்ததா ஒத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

இங்கன ஒண்ணைச் சொல்லியாகணும், ஏன்னா நான் நடுநிலைமையா எழுதுதேன்னு முதல்லயே சொல்லியிருக்கேன். இது கிழவனுக ஒரு பக்கம் இளவட்டம் ஒரு பக்கம்னு நிக்கிற சண்டை இல்ல, அப்படித்தான் நானும் நினைச்சிருந்தேன். ஜப்பாரு மகன் தாவூது சவூதியில இருந்து லீவுக்கு வந்திருக்கான். கமிட்டியில அவனையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாவ. பொன்னுச்சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு, வெளிநாடு பாத்தவன், நம்ம பக்கம்தான் பேசுவான்னு. தாவூது எந்திரிச்சு, "அங்கன எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரனுவ எல்லாம் மணல்லதான் அடிக்கான். குழியைச் சுத்தி எண்ணெய் ஊத்தின தரைதான். அச்சு அசலா நம்ம மைதானம் மாதிரியே இருக்கும், பாத்தவுடனே எனக்கு அழுகை வந்துட்டு"ன்னான். ஜப்பாரு பக்கத்துல இருந்து, "மணல்ல அடிக்கதைப் பாக்கவாலே அம்புட்டு தூரம் போன"ன்னு கேக்காரு. "ஆனா அங்கன மரம் கிடையாது மாமா, இந்த உடைமரம் மட்டும் அங்கன இருந்தா அதுக்கு ஏர்கண்டிஷன் போட்டு வச்சிருப்பான். வெட்டாதீங்க"ன்னு என்னைப் பாத்துச் சொல்லுதான். எனக்கு அவனைக் கட்டிப் பிடிக்கணும் போல இருந்துச்சு. உடனே ஜப்பாரு எந்திரிச்சு, "வெட்டணும்"ங்காரு. நம்ம வயசு, நம்மளோட ஆடினவரு, வெட்டணுங்காரு. "அந்தச் சனியன் தின்ன பந்தை எல்லாம் சேத்து வச்சா ஒரு கடை போடலாம். இனி ஹயாத்து, இந்த உசுரு, இருக்கமட்டும் நிம்மதியா ஆடிட்டுப் போறேன்"ங்காரு. ஆக அவரு வீட்டுல வாப்பா வெட்டுங்காரு, மகன் வேண்டாங்கான். நம்ம வீட்டுல மகன் வெட்டுங்கான், அப்பன் வேண்டாங்கேன். மத்த வீடுகளையும் விசாரிச்சுப் பாத்துட்டேன், அப்பன் எந்தப் பக்கமோ அதுக்கு எதுத்த பக்கம்தான் மகன் இருக்கான். ரெண்டு பக்கமும் ஓட்டு சமமா நிக்கி. உங்க ஓட்டுதான் மிச்சம், அதனாலதான் இவ்வளவு வருந்தி எழுதுதேன்.

இன்னொன்னும் உங்க காதுக்கு வரும், அது வேற ஆள் சொல்லி வாரதுக்கு முந்தி நானே சொல்லிருதேன். துரை போன புதுசுல குழியைச் சுத்தி எண்ணெய்த் தரை கிடையாது, சாணி மெழுகின தரைதான் இருந்துச்சு. அதை மாத்தி எண்ணெய் போடணும்னு கொடி பிடிச்சது நீங்களும் நானும். அப்போ கிளப்புக்குப் பெரியவரு கணக்காபீஸ் சங்கரலிங்கம். அவரு என்ன பாடு பட்டாரு, உங்களுக்குத் தெரியும். சாணியில பந்து ஓடுதது ஒரு அழகு, எண்ணெயில வழுக்கிக்கிட்டுப் போறது ஒரு ஓட்டமா, வேட்டி கறையாயிரும், பூமிக்கு ஆகாதுன்னு எல்லாம் சொன்னாரு. நாம கேக்கல. பொறவும் தினம் சாயங்காலம் குடையைப் பிடிச்சுக்கிட்டு வருவாரு, நம்மளோட ஆடுவாரு, ஆனா எண்ணெய்த் தரைக்குள்ள கால் வைக்க மாட்டாரு. தரைக்கு வெளிய நின்னுக்கிட்டு, "எனக்குக் கணக்குல ஒரு ரெண்டு அடி கூட்டிப் போட்டுக்கோங்கய்யா"ன்னு சொல்லிட்டு அடுத்த குழிக்கு நடந்துருவாரு. சாகுத மட்டும் அப்படித்தான் ஆடினாரு. இதை எவனோ பொன்னுச்சாமிகிட்ட சொல்லியிருக்கான். அவன் அம்மா மூலமாக்கூட இல்ல, சுவத்தைப் பாத்துக் கேக்கான்: "சாணியை மாத்தினவங்க இப்போ மரத்தை மாத்தக்கூடாதுன்னு எப்படிச் சொல்லுதாங்க?" நானும் சுவத்துக்கே பதில் சொன்னேன். நாங்க செஞ்சது திருத்தம், நீ செய்யுதது மாத்தம். திருத்தத்தாலதான் மைதானம் இன்னைக்கு இருக்கிற மாதிரி இருக்கு, இதுக்கு மேல திருத்த ஒண்ணும் பாக்கி இல்ல. உங்க தங்கச்சி இதைக் கேட்டுட்டு அடுப்படிக்குள்ள போயிட்டா. எதுக்குப் போனான்னு தெரியல, ரொம்ப நேரம் வெளிய வரலை.

அத்தான், மரத்தை வெட்டக்கூடாதுங்கதுக்குப் பொதுக்குழுவில சொல்ல நான் நியாயம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன். நிழல் இருக்கு, காக்காக் கூடு இருக்கு, மாடன் பீடத்துக்குப் பக்கத்துல நிக்கித மரம்ங்கது ஒரு பயம் இருக்கு, துரை வச்ச அமைப்புங்கது ஒரு மரியாதை இருக்கு. இதெல்லாம் அங்கன சொல்லுததுக்கு. உங்ககிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. கிளப்புல அந்த மரத்தைத் தாண்டி அடிக்காதவன் நான் ஒருத்தன்தான். நீங்க தாண்டியிருக்கீங்க, ஊருக்கு வரும்போதெல்லாம் சொல்லுதீங்க. ஜப்பாரு தாண்டியிருக்காரு. குடையைப் பிடிச்சுக்கிட்டு வந்த சங்கரலிங்கம்கூட தாண்டியிருக்காரு. நேத்துப் பிறந்த பயலுக எல்லாம் மரத்தைப் பாக்காமலே தாண்டுதான். நான் ஒவ்வொரு நாளும் மரத்துல அடிச்சு, முள்ளுக்குள்ள கையை விட்டுப் பந்தை எடுத்துட்டு, சுத்திப் போறேன். வீட்டுக்கு வந்ததும் உங்க தங்கச்சி ஊக்கை எடுத்துக்கிட்டு வந்து ஒண்ணும் கேக்காம கையில முள் எடுப்பா. நாளைக்குத் தாண்டிருவேன்னு நினைச்சுக்கிட்டேதான் ரிட்டயர்டே ஆனேன். அந்த மரத்தை வெட்டிட்டாவன்னு வைங்க, பொறவு நான் எதைத் தாண்டுவேன். வெறும் தரிசுக்கு மேல பந்து போறதைத் தாண்டினதா எவன் ஒத்துக்கிடுவான். தாண்டாதவன்னே நான் முடிஞ்சு போவேன். எனக்கு அதுதான் தொயரம், வேற ஒண்ணும் இல்ல.

இதை நான் வீட்டுல சொன்னதில்ல. ஆனா போன திங்கக்கிழமை பந்தியில, பொன்னுச்சாமி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே அவன் அம்மாகிட்ட மெதுவாச் சொல்லுதான், எனக்குக் கேக்கணும்னு இல்ல, ஆனா கேட்டுட்டு. "புல்லு வந்தா என்ன, வராட்டா என்னம்மா. மரத்தை வெட்டச் சொல்லுதது அப்பாவுக்காகத்தான். தினம் அந்த முள்ளுக்குள்ள குனிஞ்சு பந்தைத் தேடுததும், மத்தவன் எல்லாம் கமுக்கமாச் சிரிக்கதும், என்னால பாக்க முடியல"ன்னான். புல்லு, குட்டை, பெங்களூரு எல்லாம் அவன் சொன்னப்போ எனக்குக் கோவம்தான் வந்துச்சு, அதை நான் சமாளிச்சுக்கிடுவேன். பெத்த பிள்ளை நமக்காகப் பாவம் பாத்து ஒரு மரத்தை எடுத்துக் குடுக்கான் பாருங்க, அதை எப்படிச் சமாளிக்கதுன்னு எனக்குத் தெரியல. மோர் வேண்டாம்னு சொல்லிட்டு எந்திரிச்சுட்டேன். அவன் மனசு நல்ல மனசுதான், உங்க மருமகனாச்சே, அதுல குறை சொல்ல முடியாது. ஆனா எனக்கு அந்த மரம் வேணும்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து தட்டாமல் வர வேண்டும். மேலே எழுதினதில் பேச்சு வழக்காகச் சில வார்த்தைகள் விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும், எழுத எழுத முழங்கால் வலி கைக்கு ஏறிவிட்டது. அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரக்குழந்தைகளுக்குக் கோமதியம்மன் துணையிருந்து படிப்பும் ஆயுளும் குறைவில்லாமல் கொடுக்கட்டும். கோமதியம்மாள் தனியாக எழுதுவதாகச் சொன்னாள், எழுத மாட்டாள், ஆதலால் அவளுடைய விசாரிப்பையும் நானே எழுதிவிடுகிறேன். மெத்தையை மறுபடியும் வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு, தங்கள் வருகையையும் தங்கள் வலது கையையும் எதிர்பார்க்கும்,
குருநாதன்.

பின்குறிப்பு (சனிக்கிழமை): மேலே கண்டதை ஒட்டித் தபாலில் போடுவதற்காக நேற்றுச் சாயங்காலம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். தபால் பெட்டி மில் ரோட்டில், மைதானம் அதற்கு அந்தாப்ல. கைத்தடிக்குப் பதிலா ஏழாம் நம்பர் மட்டையைத்தான் ஊன்றிக்கிட்டுப் போனேன். ஆவணி பிறந்தும் ஆடி மாசத்து மேகாத்து இன்னும் அடங்கலை, வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நடக்க வேண்டியிருந்துச்சு. மைதானத்துல ஆள் நடமாட்டம் இல்ல, சரி ஒண்ணு அடிச்சுட்டுப் போவோம்னு மூணாம் குழிக்கு நின்னு அடிச்சேன். எப்பவும் போலத்தான் அடிச்சேன். பந்து எப்பவும் போலத்தான் கிளம்புச்சு. மரத்துக்கிட்டப் போனதும் பின்னால இருந்து ஒரு காத்து, நிக்கித என்னையே ரெண்டு எட்டு முன்னால தள்ளிட்டு. பந்து மேல போச்சு. மரத்துத் தலைக்கு மேல போயி அந்தப் பக்கம் இறங்கிட்டு.

ஒருத்தரும் பாக்கலைன்னுதான் நினைச்சேன். மரத்துக்கு அந்தப் பக்கம் பொன்னுச்சாமி நின்னுருக்கான், எங்கன வெட்டணும்னு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு. பந்து அவன் காலடியில போயி விழுந்துருக்கு. எடுத்துக்கிட்டு வாரான். கையெல்லாம் சுண்ணாம்பு, பந்தைத் தன் கைக்குட்டையால துடைச்சு என் கையில தந்தான். பொறவு, "அப்பா, இனி இந்த மரத்தை எவனும் தொடக்கூடாது"ன்னான். பெங்களூர்ல இருந்து வந்த அன்னைக்குப் பொறவு என்னைப் பாத்து நேராப் பேசினது அதுதான். காத்துதாம்லே கொண்டு போச்சுன்னு சொல்ல வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பாத்தேன். சொல்லலை.

அங்கனயே சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயி உறுப்பினர் வீடு பூராவும் சொல்லிட்டான். கடையநல்லூருக்கு ஆள் அனுப்பியிருக்கான். பொதுக்குழு அன்னைக்குக் காலையில எல்லாரும் மூணாம் குழியில கூடி, நான் மறுபடியும் தாண்டி அடிக்கதைப் பாக்கணும்னு ஏற்பாடு. ஜப்பாரு வீட்டுல இருந்து பிரியாணி வருது. மாடனுக்கு மாலை வருது. கல்யாணமான நாள்ல இருந்து மைதானத்துப் பக்கம் எட்டிப் பாக்காத உங்க தங்கச்சி, புதுச் சேலை எடுத்து வச்சிருக்கா. காத்து அதுக்குள்ள அடங்கிரும்னு எல்லாரும் சொல்லுதாவ.

ஆகவே அத்தான், மேலே எழுதியிருக்கிற நியாயங்களை எல்லாம் அருள்கூர்ந்து மறந்துவிடவும். மரத்தை வெட்டியாக வேண்டும். பொதுக்குழு வரைக்கும் காத்திருக்க முடியாது, அதற்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடிந்துவிட வேண்டும். நீங்களும் ஒரு ஆடி மாசத்துலதான் தாண்டினீங்கன்னு எனக்கு இப்போ ஞாபகம் வருது, அதைப் பத்தி நேரில் பேசிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமையே புறப்பட்டு வரவும். வரும்போது ஒரு கோடாலி கையோடு கொண்டு வரவும். நம் வீட்டுக் கோடாலியைப் பொன்னுச்சாமி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டான்.